ஒருவகை மரம்

சங்கப் பாடல்களுக்கான அருஞ்சொற்பொருள் பட்டியல்களில் அகிலுக்கு எதிரே பெரும்பாலும் 'ஒருவகை வாசனை மரம்' என்றிருக்கும். தேவதாருவுக்கும் இதே கதிதான். இந்த 'ஒருவகை' மீதுதான் எனக்குப் புகார். தெரியாது என்று ஒப்புக்கொள்ளாமல் வாசகனை அடுத்த வரிக்கு நகர்த்திவிடும் சாமர்த்தியம் அதில் இருக்கிறது. ஒரு வாசனையின் பெயர் எத்தனை மரங்களில் ஏறி இறங்கியிருக்கிறது என்று பார்த்தால், இந்தச் சாமர்த்தியத்தில் நாம் இழந்தது என்ன என்பது புரியும்.

1

வாசனைத் தைலக்காரர்களிடமிருந்து தொடங்குகிறேன். 'சீடர்வுட்' என்ற பெயரில் இன்று விற்பனையாகும் தைலங்களில் நான்கு முக்கியமானவை. ஒன்று மொராக்கோவின் அட்லஸ் மலை மரத்திலிருந்து வருவது. இன்னொன்று இமயத்துத் தேவதாரு. இவ்விரண்டும் மெய்யான சீடர்கள், பைன் குடும்பத்தைச் சேர்ந்தவை. மற்ற இரண்டும், அமெரிக்காவின் வர்ஜினியா சரக்கும் டெக்ஸாஸ் சரக்கும், ஜூனிபர் மரங்கள். அவை சைப்ரஸ் குடும்பம். நாம் பள்ளியில் சீவிய பென்சிலுக்குப் பெயர் வாங்கித் தந்த கட்டை வர்ஜினியா ஜூனிபர்தான். 

மரத்தூளையும் சீவல்களையும் நீராவியில் வடித்துத் தைலம் எடுக்கிறார்கள். மெய்யான சீடர்களில் ஹிமாசலீன், அட்லான்டோன் என்ற பொருட்கள் மிகுதி. ஜூனிபரில் சீட்ரீன், சீட்ரால். ஆக, சீடரின் பெயரைச் சுமக்கும் ரசாயனங்கள் சீடர் அல்லாத மரத்தினுடையவை. பெயர்களின் விளையாட்டுக்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

வாசனைக் கலைஞனுக்கு இந்தத் தைலம் அடித்தளம். எலுமிச்சை, நாரத்தை மணங்கள் சில நிமிஷங்களில் பறந்துவிடும். சீடர் கனமானது, மெல்ல ஆவியாவது. பறக்கிற மணங்களைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தி வைக்கும். 1973-இல் அமெரிக்காவில் ஐஸோ ஈ சூப்பர் என்ற செயற்கைப் பொருளைக் கண்டுபிடித்த பிறகு, சீடரை நினைவூட்டும் மணத்துக்கு மரமே வேண்டியிருக்கவில்லை. 

இந்தத் தைலங்கள் மருந்தாகப் பேசப்படுவதும் பழைய கதையல்ல. அரோமாதெரபி என்ற சொல்லையே பிரெஞ்சு ரசாயனக்காரர் ரெனே-மோரிஸ் காட்ஃபோஸே 1937-இல் தம் புத்தகத்துக்குத் தலைப்பாக வைத்துத்தான் பரப்பினார். சீடர் மனத்தை அமைதிப்படுத்தும், முடி வளர்க்கும் என்கிறார்கள். 1998-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில், திட்டுத்திட்டாக முடி உதிர்ந்தவர்களிடம் ஒரு பரிசோதனை வெளியாயிற்று. தைலம் தேய்த்துக்கொண்ட 43 பேரில் 19 பேருக்கும், வெறும் எண்ணெய் தேய்த்துக்கொண்ட 41 பேரில் 6 பேருக்கும் குணம் தெரிந்தது. ஆனால் அந்தத் தைலத்தில் தைம், ரோஸ்மேரி, லாவெண்டர், சீடர் என நான்கு இருந்தன. சீடரின் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. இங்கும் 'ஒருவகை' வந்து உட்கார்ந்துகொள்கிறது.

2

குழப்பம் அமெரிக்காவில் பிறந்ததல்ல. கிரேக்கர்களின் 'கெட்ரோஸ்' ஜூனிபரையும் குறித்தது, சீடரையும் குறித்தது. ரோமானியர்கள் புழு அரிக்காமலிருக்கப் புத்தகச் சுருள்களில் சீடர் எண்ணெய் பூசினார்கள். சீடர் எண்ணெய் பூசத் தகுந்த கவிதை என்று ஹொரேஸ் பேசுவது இதை வைத்துத்தான். நம்மவர்கள் ஓலைச்சுவடிக்கு வாசனைப்புல் எண்ணெய் தடவினார்கள். ஹொரேஸ் போல ஓர் அளவுகோலை அதிலிருந்து நாம் உண்டாக்கிக்கொள்ளவில்லை. எது தப்பிப் பிழைத்ததோ அதெல்லாம் தகுதியானது என்று இருந்துவிட்டோம்.

3

தேவதாரு வடமொழிப் பெயர். தேவர்களின் மரம் என்று பொருள். இமயத்தில்தான் வளரும். ஆனால் வைத்திய நூல்கள் மரத்தைவிட வேகமாகப் பயணம் செய்பவை. தேவதாரு சேர்க்கச் சொல்லும் மருந்து முறை தெற்கே வந்து சேர்ந்தது, மரம் வரவில்லை. இங்குள்ளவர்கள் என்ன செய்தார்கள்? வறண்ட குன்றுகளின் முட்காட்டில் வளரும் ஒரு சிறு மரத்தின் செந்நிறக் கட்டையை முகர்ந்து பார்த்து, இது போதும் என்று முடிவு செய்தார்கள். அதன் தமிழ்ப் பெயர் செம்புளிச்சான். தேவதாரம் என்ற பெயரும் அதற்கு ஒட்டிக்கொண்டது. தாவரவியலில் அது எரித்ரோஸைலம் மோனோகைனம். கோகெயின் தரும் தென்னமெரிக்கச் செடிக்கு உறவு. சீடருக்கும் அதற்கும் எந்த ஒட்டும் கிடையாது.

இதைக் கலப்படம் என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அப்படிப் படவில்லை. இது ஒரு தீர்ப்பு. எழுதப்படாத, கையெழுத்தில்லாத ஒரு மூக்கின் தீர்ப்பு. வடக்கே இருந்து வந்த சொல்லுக்குத் தன் காட்டில் ஒரு பொருளைத் தேடி எடுத்தவனின் முயற்சி அந்தப் பெயரில் பதிந்திருக்கிறது. 

அந்த மரத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. தாது வருஷப் பஞ்சத்தில், 1877-இல், சென்னை மாகாணத்து ஜனங்கள் அதன் இலைகளைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இதைக் குறித்து வைத்தவர்கள் ஆங்கிலேயத் தாவரவியலாளர்கள். தேவர்களின் மரம் என்று பெயர் சூட்டப்பட்ட ஒன்றை மனிதர்கள் பசிக்குத் தின்ற செய்தி நம் அருஞ்சொற்பொருள் பட்டியல் எதிலும் ஏறவில்லை. ஏற இடமில்லை. 'ஒருவகை மரம்' என்று எழுதிய பிறகு அதில் யார் இலை பறித்தார்கள் என்று எப்படி எழுதுவது?

4

அகிலின் கதை இதற்கு நேர்மாறு. நூல்களே இரண்டு அகில்களைச் சொல்கின்றன, நாம்தான் ஒன்றாக்கிவிட்டோம். பட்டினப்பாலையில் சந்தனமும் அகிலும் குடமலையில் பிறந்து புகாருக்கு வருகின்றன. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையிலோ அகில் தொண்டியோரின் கப்பலில் வருகிறது. அந்த வாசனையைச் சுமந்து கொண்டல் காற்று மதுரைக்குள் புகுகிறது. ஒன்று மேற்கு மலையின் சரக்கு, மற்றது கீழைக் கடலின் சரக்கு. கடல் கடந்து வந்தது அக்விலேரியா என்று கொள்வதில் சிரமமில்லை. தென்கிழக்காசியக் காடுகளில் நோய்ப்பட்டுக் கறுத்த மரத்தில் விளையும் பிசின் அது. காரகில் என்ற சொல் அதற்குப் பொருந்தும். குடமலையின் அகில், மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காட்டிலுள்ள வெள்ளகிலாக, டைஸாக்ஸிலம் மலபாரிகமாக இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். வேம்பின் குடும்பம், மணமுள்ள கட்டை. ஆங்கிலேயர்கள் அதை வெள்ளை சீடர் என்றார்கள். கன்னடத்தில் அது பிளி தேவதாரி, அதாவது வெள்ளைத் தேவதாரு. மூன்று மொழிகளின் மூக்கும் ஒரே திசையில் போயிருக்கிறது.

அகில் என்ற சொல் மேற்கே போனபோது போர்த்துக்கீசியர் காதில் 'ஆகிலா' என்று விழுந்து, அவர்கள் மொழியின் கழுகோடு கலந்தது. ஆங்கிலத்தில் கழுகு மரமாயிற்று. அக்விலேரியாவின் பெயரிலும் அந்தக் கழுகுதான் உட்கார்ந்திருக்கிறது.

5

எங்கள் சின்னமனூரை இலக்கியக்காரர்கள் நினைப்பது செப்பேடுகளுக்காக. பத்தாம் நூற்றாண்டுப் பாண்டியன் ராஜசிம்மனின் பெரிய செப்பேட்டில், மதுரையில் சங்கம் வைத்ததும் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதும் சொல்லப்படுகின்றன. அதைக் காட்டித்தான் சங்கத்தின் பழமையைப் பேசுகிறோம். ஆனால் செப்பேடு என்பது முதலில் ஒரு நிலப் பத்திரம். எல்லை சொல்லும்போது இன்ன குளம், இன்ன மரம் என்று பெயர் சொல்வது அந்த வகைச் சாசனங்களின் வழக்கம். 'ஒருவகை மரத்துக்குக் கிழக்கு' என்று எழுதினால் நிலம் போய்விடும். தைலம் விற்கிறவனுக்கும் இதே கண்டிப்பு உண்டு. பாட்டிலில் தாவரவியல் பெயர் இல்லாவிட்டால் விவரமறிந்தவன் வாங்கமாட்டான். நஷ்டம் வரும் இடத்தில் பெயர் துல்லியமாக இருக்கிறது. உரை எழுதுகிறவனுக்கு மட்டும்தான் நஷ்டமே கிடையாது போலும். 

கவிஞனுக்கு உண்டு என்பது என் கட்சி. முகர்ந்திராத அகிலைக் கூந்தலுக்குப் புகைக்கிறவன் பெயரை மட்டும் புகைக்கிறான். தேவதாருவைச் செம்புளிச்சானில் கண்டுபிடித்த அந்தப் பெயரில்லாத ஆள் அவனைவிடப் பெரிய மொழிபெயர்ப்பாளன்.

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளுக்குச் சங்கப் பூக்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். 2021-இல் அந்த மலை ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. வளைவுகளுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அடுத்து, மேலே நிற்கிற மரங்களின் பெயர்களை அங்குள்ள முதியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும், அவர்கள் இருக்கும்போதே.