குறுந்திரையில் பெருமரம்: படிநிலைத் தரவுக் காட்சிப்படுத்தலின் வரலாறு (1981–2002)

முன்னுரை

ஒன்றனுள் ஒன்றாக அடங்கிய தரவினைப் படிநிலைத் தரவு என்பர். கணிப்பொறியின் கோப்புறைகள், நூலகப் பகுப்பெண்கள், உயிரின வகைப்பாடு, நிறுவனங்களின் பதவி அடுக்கு ஆகியன இவ்வகையின. இவற்றைக் கிளைகளாக வரைந்து காட்டுவது நெடுங்கால மரபு. தாளில் வரைபவர் இடம் போதாதபோது மற்றொரு தாளை ஒட்டிக்கொள்ளலாம். திரையில் அவ்வாறு செய்ய இயலாது. ஒவ்வொரு கணுவும் இரண்டாகப் பிரியும் மரம் பத்துப் பிரிவுகளுக்குப் பின் 1,024 இலைக்கணுக்களைப் பெறும். 1,024 படப்புள்ளி அகலமுள்ள திரையில் ஓர் இலைக்கு ஒரே ஒரு புள்ளிதான் கிடைக்கும்.

இச்சிக்கலின் வரலாறு பெரும்பாலும் வெற்றிகளின் வரிசையாகச் சொல்லப்படுகிறது. எந்த முறை எத்தனைக் கணுக்களைத் திரையில் அடக்கியது என்பதே அவ்வரிசையின் அளவுகோல். அவ்வளவுகோல் எங்கிருந்து வந்தது, அது எதனை அளக்கத் தவறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கிளைப்படமும் மீன்கண் நோக்கும்

1981-இல் எட்வர்ட் ரெய்ன்கோல்டு, ஜான் டில்ஃபோர்டு ஆகியோர் வெளியிட்ட வரைமுறை, கிளைப்படத்தைச் சீராகவும் நெருக்கமாகவும் வரையும் வழியைத் தந்தது. அவர்கள் கருதியது வடிவ ஒழுங்கு. ஒரே வடிவமுடைய கிளைகள் படத்தின் எப்பகுதியில் அமைந்தாலும் ஒரே மாதிரி வரையப்பட வேண்டும் என்பது அவர்களின் விதிகளுள் ஒன்று. எனினும் கீழ்நிலைகள் பெருகப் பெருகப் படத்தின் அகலம் விரிவதை அம்முறையாலும் தவிர்க்க முடியவில்லை.

ஜார்ஜ் ஃபர்னாஸ் 1986-இல் வெளியிட்ட மீன்கண் நோக்குப் பற்றிய கட்டுரை வேறொரு திசையில் சென்றது. சால் ஸ்டைன்பெர்க் 1976-இல் 'நியூ யார்க்கர்' இதழின் அட்டைக்கு வரைந்த ஓவியத்தில் மன்ஹாட்டன் தெருக்கள் விரிவாகவும், அவற்றுக்கு அப்பாலுள்ள உலகம் சில கோடுகளாகவும் காட்சியளிக்கும். ஃபர்னாஸ் அத்தகைய பார்வையை ஒரு சூத்திரமாக்கினார். ஒரு கணுவுக்கு இயல்பாகவுள்ள முக்கியத்துவத்திலிருந்து, பயனர் நிற்கும் இடத்திற்கும் அதற்கும் இடையேயுள்ள தொலைவைக் கழித்தால் கிடைப்பதே அக்கணுவின்பால் அவருக்குள்ள ஈடுபாட்டின் அளவு. குறிப்பிட்ட வரம்புக்குக் கீழ்ப்பட்டவை திரையில் தோன்றா. எதனை மறைப்பது என்பதை வெளிப்படையான வினாவாக்கியதே ஃபர்னாஸின் பங்களிப்பு எனலாம். அடுத்த பத்தாண்டுகளில் அவ்வினாவைவிட எத்தனைக் கணுக்கள் அடங்கும் என்ற வினாவே மேலோங்கி நின்றது.

கட்டப்பரப்புப் படம்

'ட்ரீமேப்' என்பதை 'மரவரைபடம்' எனப் பெயர்த்தால் அது கிளைப்படத்தோடு மயங்கும். மேலும் அப்படத்தில் மரத்தின் உருவம் கண்ணுக்குப் புலப்படுவதே இல்லை. ஆதலின் இங்கு அது கட்டப்பரப்புப் படம் என வழங்கப்படுகிறது.

இதன் தோற்றம் மிக எளியது. 1990-இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் மனித–கணிப்பொறி ஊடாட்ட ஆய்வகத்தில் 80 மெகாபைட் வன்தட்டு ஒன்றை 14 பேர் பகிர்ந்துகொண்டிருந்தனர். தட்டு நிரம்பும்போதெல்லாம் இடத்தைப் பிடித்திருப்பவர் யார், எக்கோப்பினை நீக்கலாம் என்பதைக் கண்டறிவது கடினமாயிற்று. பென் ஷ்னைடர்மன் திரை முழுவதையும் ஒரு செவ்வகமாகக் கொண்டு, அதனை முதல் நிலைக் கோப்புறைகளின் அளவுக்கேற்ப ஒரு திசையிலும், அப்பகுதிகளை அடுத்த நிலைக்கேற்ப மறுதிசையிலும் மாற்றி மாற்றி வெட்டினார். பிரையன் ஜான்சனுடன் இணைந்து அவர் 1991-இல் எழுதிய கட்டுரை, கிளைப்படங்களில் பாதிக்கு மேற்பட்ட புள்ளிகள் வெறும் பின்புலமாகவே கழிவதைக் குறையாகச் சுட்டியது. இடத்தை வீணாக்காமை என்னும் அளவுகோல் அழுத்தம் பெற்றது இங்குதான்.

இடம் நிரப்பும் எண்ணம் முற்றிலும் புதிதன்று. 1870-ஆம் ஆண்டுக் குடிமதிப்பை ஒட்டி பிரான்சிஸ் வாக்கர் வெளியிட்ட அமெரிக்கப் புள்ளியியல் நிலப்படத் தொகுப்பில் (1874) மக்கள்தொகைக் கூறுகள் செவ்வகப் பிரிவுகளாக வரையப்பட்டுள்ளன. க்ரஸ்கலும் லாண்ட்வேரும் 1983-இல் படிநிலைக் கொத்துகளைப் பனிக்கூர் வடிவில், கோடுகளே இன்றி அடுக்கிக் காட்டியிருந்தனர். ஷ்னைடர்மன் சேர்த்தது, எத்தனை நிலைகளாயினும் தன்னைத் தானே அழைத்துத் தொடரும் வெட்டுமுறை.

அவ்வெட்டுமுறை நூல்போன்ற மெல்லிய செவ்வகங்களை உண்டாக்கியது; அவற்றின் பரப்பினை ஒப்பிடுவது கண்ணுக்கு அரிது. ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் புருல்ஸ், ஹைசிங், வான் வெய்க் ஆகியோர் 2000-இல் கட்டங்களை இயன்றவரை சதுரமாக்கினர். அதற்குக் கொடுத்த விலை வரிசை. தரவின் அளவு சற்றே மாறினாலும் கட்டங்கள் இடம்பெயர்ந்தன. மறு ஆண்டில் ஷ்னைடர்மனும் மார்ட்டின் வாட்டன்பெர்க்கும் வரிசையைப் பேணும் வகையை முன்வைத்தபோது, சதுரத்தன்மையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. வாட்டன்பெர்க் 1998-இல் 'ஸ்மார்ட்மணி' நிறுவனத்திற்காக உருவாக்கிய பங்குச்சந்தைப் படம் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களை ஒரே திரையில் காட்டிப் பெரும் வரவேற்பைப் பெற்றது. அங்குப் பரப்பு சந்தை மதிப்பையும், நிறம் விலையின் ஏற்ற இறக்கத்தையும் குறித்தன. அதன் படிநிலை ஆழமற்றது என்பது இவ்வெற்றியோடு சேர்த்து நோக்கத்தக்கது.

அதிபரவளையத் தளம்

ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் 1991-இல் முப்பரிமாணக் கூம்பு மரமும், 1995-இல் லாம்பிங், ராவ், பிரோலி ஆகியோரின் அதிபரவளைய உலாவியும் உருவாயின. யூக்ளிடிய வட்டத்தின் சுற்றளவு ஆரத்தோடு நேர்விகிதத்திலேயே வளரும். மரத்தின் கணுக்களோ நிலைதோறும் மடங்குகளாகப் பெருகும். அதிபரவளையத் தளத்திலோ சுற்றளவும் மடங்குகளாகவே பெருகுவதால் மரத்திற்கு அங்கு இடநெருக்கடி இல்லை. அத்தளத்தில் மரத்தை விரித்து, பின்னர் ஒரு வட்டினுள் அதனைச் சுருக்கிக் காட்டினர். எஷரின் வட்ட எல்லை ஓவியங்களே இதற்குத் தூண்டுகோல்.

600×600 புள்ளிச் சாளரத்தில் வழக்கமான உலாவி ஏறத்தாழ 100 கணுக்களைக் காட்ட, தங்கள் உலாவி 1,000 கணுக்களைக் காட்டும் என்று அவர்கள் எழுதினர். அவற்றுள் படிக்கத்தக்க பெயருடன் நிற்பவை மையத்தை அடுத்த ஐம்பதே என்பதையும் அவர்களே நேர்மையாகக் குறித்தனர். ஆயினும் 1,000 என்னும் எண்ணே ஆய்வாளர்களின் நினைவில் எளிதாகத் தங்குகிறது. நால்வரைக் கொண்டு அவர்கள் நிகழ்த்திய தொடக்கச் சோதனையில், பயனர்கள் இவ்வுலாவியை விரும்பினரேயன்றி, தேடும் நேரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. பிரோலியும் கார்டும் பின்னர் மேற்கொண்ட ஆய்வுகளில், கணுவின் பெயரே உள்ளிருப்பதைக் குறிப்பாக உணர்த்தும்போது இவ்வுலாவி உதவியது; பெயர்கள் தெளிவற்றிருக்கையில் அவ்வனுகூலம் நிலைக்கவில்லை.

எண்ணிக்கையும் வாசிப்பும்

2000-இல் ஜான் ஸ்டாஸ்கோவும் உடனாய்வாளர்களும் கட்டப்பரப்புப் படத்தை, நிலைகளை வளையங்களாக அடுக்கும் கதிர்வட்டப் படத்தோடு ஒப்பிட்டனர். இடத்தை நிரப்புவதில் பின்னது சிக்கனமற்றது. செவ்வகத் திரையின் மூலைகள் வெறுமையாகவே நிற்கும். இருந்தும் படிநிலையின் அமைப்பை எளிதில் அறிய முடிந்ததால் பயனர்கள் பெரிதும் அதனையே விரும்பினர். இடச்சிக்கனத்தை மட்டும் கொண்டு முறைகளை வரிசைப்படுத்தும் வரலாற்றில் இம்முடிவுக்குப் பொருத்தமான இடம் கிடைப்பதில்லை. பெரிய கோப்பு எது என்பதே வினாவாக இருந்த மேரிலாந்து ஆய்வகத்தில் கட்டப்பரப்புப் படம் மிகச் சரியான விடை. ஒரு கணு எதன் வழிவந்தது என்பது வினாவாகும்போது அது அத்துணைப் பொருத்தமான விடையன்று. அளவுகோல் அதன் பிறப்பிடத்துத் தேவையைச் சார்ந்தது என்பதை மறந்து, அதனை எல்லாத் தேவைகளுக்கும் பொதுவாக்கியதே பிழை எனக் கருதுகிறேன்.

2002-இல் ஜான்-டானியல் ஃபெக்கெட்டும் கேத்தரின் பிளெசானும் 1600×1200 புள்ளித் திரையில் பத்து இலட்சம் உருப்படிகளைக் கட்டப்பரப்புப் படமாகக் காட்டினர். ஓர் உருப்படிக்கு இரண்டு புள்ளிகூட முழுமையாக எட்டவில்லை. பெயர் எழுத இடமே இல்லை. அவ்வாய்வு அசைவூட்டத்தையும் உடனடி வடிகட்டலையும் துணைக்கொண்டது இக்காரணத்தாலேயே. எதனைத் திரையிலிருந்து விலக்குவது என்று ஃபர்னாஸ் எழுப்பிய வினா, பதினாறு ஆண்டுகள் கழித்து வடிகட்டும் நழுவுபட்டையின் வடிவில் பயனரின் கைக்கே திரும்பியிருந்தது.