சிறிதாக இருக்கும்போதே காட்டுங்கள்: மார்பகப் புற்றுநோயின் நீண்ட வரலாறு



ஒக்டோபர் மாதம் வந்தால் எங்கு பார்த்தாலும் ரோஸ் நிற ரிபன். ஆனால் நமது வீடுகளில் இந்த நோயின் பெயரை இன்னும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறோம். "அந்த வருத்தம்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். இந்த மறைப்புக்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பதை வரலாற்றின் வழியாகக் கொஞ்சம் பார்ப்போம். நீளமான பதிவுதான். சகோதரிகள் மட்டுமல்ல, வாப்பாமாரும் கணவன்மாரும் பொறுமையாக வாசியுங்கள்.

இது புதிய நோய் அல்ல. கி.மு. 1600 அளவில் எழுதப்பட்ட எகிப்தின் எட்வின் ஸ்மித் பப்பைரஸ் ஏட்டில் மார்பில் எழும் கட்டிகள் பற்றிய குறிப்பு இருக்கிறது. அதற்குச் சிகிச்சை இல்லை என்றே அந்த வைத்தியர் எழுதிவிட்டார். பின்னர் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், பாரசீக அரசி அதோஸாவின் கதையைச் சொல்கிறார். மார்பில் வந்த கட்டி சிறிதாக இருந்தபோது, வெட்கத்தால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. அது உடைந்து பரவிய பிறகுதான் டெமோசிடஸ் என்ற வைத்தியரை அழைத்தார். அது புற்றுநோய்தானா என்று இன்று உறுதியாகக் கூற முடியாது. அவர் குணமடைந்ததாகவும் சொல்லப்படுகிறது. ஆனால் ஓர் அரசியையே வாய் மூட வைத்த அந்த வெட்கம், 2500 வருடங்கள் கடந்தும் நம்மிடையே இருக்கிறது.

இப்போது நமக்கு நன்கு தெரிந்த ஒருவரிடம் வருவோம். இஸ்லாமிய நாகரிகப் பாடத்தில் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவியின் பெயரை நாம் பெருமையோடு சொல்லிக் கொடுக்கிறோம். 936 முதல் 1013 வரை ஸ்பெயினின் குர்துபாப் பகுதியில் வாழ்ந்தவர். 30 பாகங்கள் கொண்ட 'அத்தஸ்ரீஃப்' நூலில், சத்திரசிகிச்சைக் கருவிகளைப் படம் வரைந்து விளக்கியவர். அந்த மேதை புற்றுநோய் பற்றி என்ன எழுதினார்? கட்டி சிறிதாகவும் ஆரம்ப நிலையிலும் இருந்து, மார்பு போல முழுமையாக அகற்றக்கூடிய இடத்தில் இருந்தால் அறுவை செய்யலாம். பழையதாகவும் பெரிதாகவும் ஆகிவிட்டால் அதைத் தொட வேண்டாம். அப்படி முற்றியதைத் தான் குணப்படுத்தியதும் இல்லை, வேறு எவரும் குணப்படுத்தக் கண்டதும் இல்லை என்று ஒளிக்காமல் எழுதினார். அவரது காலத்தவரான இப்னு ஸீனாவும் ஆரம்ப நிலைக் கட்டியைத்தான் சிகிச்சைக்கு உரியதாகக் கருதினார். பெயர்களைப் பரீட்சைக்குப் பாடமாக்கினோம். அவர்கள் சொன்ன விடயம் நமது வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்ததா?

"காட்டினால் மார்பை வெட்டிவிடுவார்கள்" என்ற பயம் பலரிடம் இருக்கிறது. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1804இல் ஜப்பானில் ஹனோகா சேஷூ என்ற வைத்தியர், முழு மயக்க மருந்து கொடுத்து மார்பகப் புற்றுநோய் அறுவை செய்தார். அதற்குப் பின்னரும் உலகின் மற்ற இடங்களில் பல தசாப்தங்களாகப் பெண்கள் மயக்கமின்றியே அந்த வேதனையைத் தாங்கினார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஹால்ஸ்டெட், மார்பகத்தோடு நெஞ்சுத் தசையையும் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்றும் முறையைப் பரப்பினார். ஏறத்தாழ 80 வருடங்கள் அதுவே வழக்கமாக இருந்தது. 1985இல் பேர்னாட் ஃபிஷர் குழுவினரின் ஆய்வு இதை மாற்றியது. ஆரம்ப நிலையில் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்தாலும், உயிர் பிழைக்கும் வாய்ப்புக் குறையவில்லை என்று அது காட்டியது. நமது பயம் பழைய காலத்தின் பயம். நேரத்தோடு போனால் மார்பகத்தையே காப்பாற்றும் வாய்ப்பும் கூடுகிறது.

தடுப்பு பற்றியும் வரலாறு பேசுகிறது. 1926இல் இங்கிலாந்தின் ஜெனட் லேன்-கிளேபன் என்ற பெண் வைத்தியர், நோயுள்ள 500 பெண்களையும் நோயற்ற 500 பெண்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். பிள்ளைப்பேறும் பாலூட்டலும் இந்த நோயோடு தொடர்புடையவை என்பது அப்போதே தெரிந்தது. 2002இல் 30 நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, ஒரு தாய் பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் அபாயம் 4.3 வீதம் குறைவதாகக் கண்டார்கள். அல்குர்ஆன் இரண்டு வருடப் பாலூட்டலைப் பற்றிப் பேசுவதை நாம் அறிவோம். ஆனால் பாலூட்டிய தாய்க்கு இந்த நோய் வராது என்று நினைத்துவிட வேண்டாம். உடற்பயிற்சியும் அளவான உடல் எடையும் முக்கியம்.

வசதியுள்ளவர்களுக்குத்தானே இந்தப் பரிசோதனையெல்லாம் என்று சிலர் கேட்கலாம். 1998இல் மும்பையின் வறிய குடியிருப்புகளில் டாட்டா நினைவு வைத்தியசாலை ஓர் ஆய்வைத் தொடங்கியது. ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பெண்கள் அதில் சேர்ந்தார்கள். பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கையால் மட்டுமே பரிசோதித்தார்கள். 2021இல் முடிவு வெளியானது. 50 வயதைத் தாண்டியவர்களில் இந்த நோயால் ஏற்படும் மரணம் ஏறத்தாழ 30 வீதம் குறைந்திருந்தது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை, பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் கைதான்.

அந்தக் கை நமது ஊரிலும் இருக்கிறது. இலங்கைப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் இதுதான். 1996 முதல் நமது நாட்டில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. எம்.ஓ.எச். பணிமனை ஊடாக இலவசமாக மார்பகம், கருப்பைக் கழுத்து, பிரஷர், சீனி எல்லாம் பார்க்கிறார்கள். 35, 45 வயதுப் பெண்களை விசேடமாக அழைக்கிறார்கள். பிள்ளை பிறந்தபோது வீட்டுக்கு வந்த அதே மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேட்டால் நாளும் இடமும் சொல்வார்.

மாதம் ஒரு தடவை கண்ணாடி முன் நின்று பாருங்கள். மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோலில் குழி அல்லது சுருக்கம், முலைக்காம்பு உள்ளிழுத்தல், இரத்தம் கலந்த கசிவு, ஆறாத புண் இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். நோவில்லை என்று சும்மா இருக்கவும் வேண்டாம். ஆரம்பக் கட்டி பெரும்பாலும் நோகாது. அதேநேரம் கட்டிகளில் அதிகமானவை புற்றுநோயும் அல்ல. பயந்து ஒளிப்பதைவிடக் காட்டித் தெளிவது நல்லது.

வெட்கம் ஈமானின் ஒரு பகுதி. ஆனால் சிகிச்சைக்காக வைத்தியரிடம் காட்டுவதை மார்க்கம் தடுக்கவில்லை. பெண் வைத்தியர் வேண்டும் என்று கேளுங்கள், தயங்க வேண்டாம். கணவன்மாரே, "போய்க் காட்டிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பாமல் கூடவே போங்கள். அன்று பிள்ளைகளை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் உம்மாவிடமும், ராத்தாவிடமும், மாமியிடமும் இந்த வாரமே பேசுங்கள். நோயுற்றிருக்கும் நம் சகோதரிகளுக்கு அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக. ஆமீன்.