வேலூர் வங்காள உணவகங்கள்

வேலூர் வங்காள உணவகங்கள் என்பவை தமிழ்நாட்டின் வேலூர் நகரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை (சி.எம்.சி.) சுற்றியுள்ள தெருக்களில் இயங்கும் சிறிய சோற்றுக் கடைகள் ஆகும். மேற்கு வங்காளம், ஜார்க்கண்டு, பீகார், வடகிழக்கு மாநிலங்கள், வங்காளதேசம் ஆகிய இடங்களிலிருந்து மருத்துவத்திற்காக வருவோரும் அவர்களுக்குத் துணையாக வருவோருமே இவற்றின் வாடிக்கையாளர்கள். காந்தி சாலை, பாபு ராவ் தெரு, அவற்றிலிருந்து பிரியும் சந்துகள் ஆகியவற்றில் இவற்றைக் காணலாம். வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் அடங்கிய வட்டாரம் தோல் தொழிலுக்கும் சீரகச் சம்பா அரிசிப் பிரியாணிக்கும் பெயர் பெற்றது. அங்கே கடுகெண்ணெய் மணக்கும் தெருக்கள் உருவானதற்கு மருத்துவமனை ஒன்றே காரணம்.

தோற்றம்

அமெரிக்க மருத்துவரான ஐடா ஸ்கடர் 1900ஆம் ஆண்டில் ஒற்றைப் படுக்கையுடன் வேலூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி உருவானது. பின்னாளில் அது மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து, 1947 முதல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. இந்தியாவில் முதன்முறை வெற்றி கண்ட சிறுநீரக மாற்று அறுவை மருத்துவம் 1971இல் இங்கு நடைபெற்றது. எலும்பு மச்சை மாற்று மருத்துவம் 1986இல் தொடங்கியது.

உணவகங்களின் வரலாற்றை அறிய இவ்விரு மருத்துவ முறைகளின் இயல்பைக் கருத்தில் கொள்ளவேண்டும். இவை ஓரிரு நாட்களில் முடிபவை அல்ல. முன்சோதனை, காத்திருப்பு, அறுவை, பின்தொடர் சோதனை என நோயாளியும் குடும்பத்தாரும் வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் ஊரில் தங்க நேரிடும். ஒருநாள் தங்கும் பயணி இட்லியும் தோசையும் விரும்பி உண்பார். நாற்பது நாள் தங்குபவருக்கு, அதிலும் நோயால் நாக்குச் சுவை கெட்டவருக்கு, பழகிய சோறு தேவைப்படுகிறது. இத்தேவையிலிருந்தே இக்கடைகள் பிறந்தன.

வேலூருக்கு அண்மையிலுள்ள பெரிய தொடர்வண்டிச் சந்திப்பு, பாலாற்றின் வடகரையில் அமைந்த காட்பாடி ஆகும். ஹவுரா, குவகாத்தி, தன்பாத் ஆகிய இடங்களிலிருந்து பெங்களூருவுக்கும் கேரளத்திற்கும் செல்லும் விரைவு வண்டிகள் காட்பாடி வழியே செல்கின்றன. ஒரு நாளுக்கும் மேலான பயணத்தின் முடிவில் வந்திறங்குவோர் நாடும் முதல் இடங்கள் விடுதியும் சோற்றுக் கடையும் ஆகும்.

உணவு

வங்காளிகளும் தமிழரும் புழுங்கல் அரிசிச் சோறு உண்பவர்கள். ஆகவே வேறுபாடு சோற்றில் இல்லை, குழம்பில்தான் உள்ளது. தமிழ்நாட்டு மீன்குழம்பு புளியையும் மிளகாயையும் அடிப்படையாகக் கொண்டது. வங்காளத்து மாச்சேர் ஜோல் என்னும் மீன் சாற்றில் புளி இல்லை. மஞ்சளும் உப்பும் தடவிய மீன் துண்டுகளைக் கடுகெண்ணெயில் பொரித்தெடுத்து, இஞ்சி, சீரகம், பச்சைமிளகாய் சேர்த்த நீர்த்த சாற்றில் உருளைக்கிழங்குடன் கொதிக்கவிடுவர். தாளிப்புக்கு வெந்தயம், கருஞ்சீரகம், சீரகம், பெருஞ்சீரகம், கடுகு ஆகிய ஐந்தும் கலந்த பாஞ்ச் ஃபோரன் பயன்படுகிறது. வங்காளத்தின் சில பகுதிகளில் கடுகுக்கு மாற்றாக ராதுனி எனும் விதையைச் சேர்ப்பர்.

வங்காளிகள் பெரிதும் விரும்புவது ஆற்று மீனும் குளத்து மீனும் ஆகும். கடல்மீன் சமைக்கும் தமிழ் உணவகங்களில் இவை எளிதில் கிடைப்பதில்லை. ரோகு (வங்காளத்தில் ரூயி), கட்லா ஆகியவை ஆந்திரப் பிரதேசத்தின் கிருஷ்ணா, கோதாவரி மாவட்டங்களிலும் கொல்லேறு ஏரிப் பகுதியிலும் பெருமளவில் வளர்க்கப்படுகின்றன. கொல்கத்தாச் சந்தைக்கும் அங்கிருந்தே மிகுதியாக மீன் செல்கிறது. எனவே கொல்கத்தாக்காரர் தம் வீட்டில் உண்ணும் ஆந்திர மீன், வேலூரில் அதைவிடக் குறைந்த தொலைவு பயணம் செய்தே தட்டுக்கு வருகிறது.

முழுமையான வங்காள விருந்துக்கு ஒரு வரிசை உண்டு. கசப்புச் சுவையுள்ள சுக்தோ முதலில் வரும். பருப்பும் பொரியலும் அடுத்து வரும், அதன்பின் மீன் அல்லது இறைச்சி, இறுதியில் இனிப்புச் சட்னியும் பால் இனிப்பும். சாம்பார், இரசம், மோர் என நகரும் தமிழ்ச் சாப்பாட்டைப் போலவே இதிலும் சோறு இறுதிவரை தொடர்கிறது. சிறு கடைகளில் இவ்வரிசை சுருங்கி, சோறு, மசூர்ப் பருப்பு, ஒரு காய், ஒரு துண்டு மீன் என்றாகிவிடும். கொல்கத்தாவில் மாணவர்களுக்கும் எழுத்தர்களுக்கும் மலிவாக உணவளித்த பைஸ் ஹோட்டல்கள் இத்தகையவை. காசு என்னும் பொருளுடைய பைசாவிலிருந்து அப்பெயர் வந்தது. அங்கு ஒவ்வொரு பண்டத்திற்கும் தனித்தனியே விலை கணக்கிடுவர். மருத்துவச் செலவில் கையிருப்பு கரையும் குடும்பத்திற்கு, மீனை விடுத்துச் சோறும் பருப்பும் மட்டும் வாங்கும் வசதி சிறிய செய்தி அன்று.

ஆலு பாத்தே என்பது வேகவைத்த உருளைக்கிழங்கை மசித்துக் கடுகெண்ணெய், பச்சைமிளகாய், உப்பு சேர்த்துப் பிசைந்தது. நோயாளிக்கு ஏற்ற எளிய உணவுகளுள் ஒன்றாக இதைக் கருதலாம். மைதாவால் செய்யப்படும் லூச்சி, கசகசா அரைத்துச் சேர்த்த போஸ்தோ, பொரி (முடி), ரசகுல்லா ஆகியவையும் வங்காள உணவில் இன்றியமையாதவை. பிரியாணியில் ஒரு வேறுபாடு குறிப்பிடத்தக்கது. 1856இல் நாடிழந்து கொல்கத்தாவின் மெட்டியாபுருசில் குடியேறிய அவத் நவாபு வாஜித் அலி ஷாவின் வழிவந்ததாகக் கூறப்படும் கொல்கத்தாப் பிரியாணியில் உருளைக்கிழங்கு கட்டாயம் இருக்கும். ஆம்பூர்ப் பிரியாணியில் அது இல்லை. உடன் வருவது கத்தரிக்காய்த் தொடுகறி.

விடுதி அடுக்களைகள்

இப்பகுதியின் விடுதிகள் பலவற்றில் அறையுடன் சமைக்கும் இடமும் உண்டு. அடுப்பு, பாத்திரங்கள் ஆகியவற்றை வாடகைக்குத் தருவோரும் உள்ளனர். உணவகத்தில் உண்பதும் அறையில் சமைப்பதும் ஒன்றுக்கொன்று போட்டியாகத் தோன்றினும், நடைமுறையில் ஒரே குடும்பம் இரண்டையும் மேற்கொள்கிறது. உறுப்பு மாற்று, எலும்பு மச்சை மாற்று ஆகியவற்றுக்குப் பின் நோயாளியின் நோயெதிர்ப்பு ஆற்றல் குறைந்திருக்கும். தூய்மையாகவும் புதிதாகவும் சமைத்த உணவையே அவருக்குத் தருமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துவர். சிறுநீரக நோயாளிக்கு உப்பையும் பொட்டாசியத்தையும் கட்டுப்படுத்த வேண்டியிருக்கும். ஆகவே நோயாளியின் உணவு அறையில் தனியே வேகும். துணைக்கு வந்தவர் கடையில் உண்பார்.

மொழி

இத்தெருக்களில் பெயர்ப்பலகைகள் தமிழ், ஆங்கிலம் ஆகியவற்றுடன் வங்காளத்திலும் இந்தியிலும் காணப்படுகின்றன. வணிகத்தின் பொருட்டு வங்காளம் பேசப் பழகிய தமிழ் வணிகர்கள் உள்ளனர். வங்காளத்தில் அண்ணனைத் தாதா என்றும் அக்காளைத் தீதி என்றும் அழைப்பர். தமிழில் தாதா என்னும் சொல்லுக்கு அடியாட்களின் தலைவன் என்ற பொருள் வழங்குவதால், காந்தி சாலையில் இவ்விளியைப் புதிதாகக் கேட்பவர் சற்றுத் திகைக்கக்கூடும். தண்ணீரை மேற்கு வங்காள இந்துக்கள் ஜொல் என்பர், வங்காளதேச முசுலிம்கள் பானி என்பர். பரிமாறுபவர் இரண்டையும் அறிந்திருத்தல் வேண்டும். சமையலிலும் இவ்வேறுபாடு உண்டு. கிழக்கு வங்காளச் சமையலில் காரமும் சுட்கி எனப்படும் கருவாடும் மிகுதி, மேற்கில் சிறிது சர்க்கரை சேர்ப்பது வழக்கம்.

நெருக்கடிகள்

உள்ளூர் வாடிக்கையாளரை நம்பி நடக்காமையால், மருத்துவமனைக்கு வருவோர் தொகை குறையும்போதெல்லாம் இக்கடைகள் பாதிப்படைகின்றன. 2020 மார்ச்சு 25 முதல் நடைமுறைக்கு வந்த நாடு தழுவிய கொரோனா ஊரடங்கில் தொடர்வண்டிகள் நின்றன. பிற மாநில நோயாளிகளும் உறவினர்களும் ஆயிரக்கணக்கில் வேலூர் விடுதிகளில் சிக்கிக்கொண்டனர். உணவகங்களில் அமர்ந்து உண்ணத் தடை இருந்தது, பொட்டலமாக மட்டுமே உணவு வழங்க இயன்றது. மருத்துவம் முடிந்தும் ஊர் திரும்ப இயலாது, அறை வாடகைக்கும் உணவுக்கும் கைப்பொருள் தீர்ந்தோர் பலர். 2020 மே மாதத்தில் காட்பாடியிலிருந்து ஜார்க்கண்டு, மேற்கு வங்காளம் முதலிய மாநிலங்களுக்குச் சிறப்புத் தொடர்வண்டிகள் இயக்கப்பட்ட பின்னரே அவர்கள் ஊர் திரும்பினர். அவர்கள் சென்றதும் தெருக்கள் வெறிச்சோடின.

2022இல் மருத்துவமனையின் புதிய வளாகம் இராணிப்பேட்டை மாவட்டத்தில், சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டித் திறக்கப்பட்டது. சில துறைகள் அங்கு மாறியதால் நோயாளிகளில் ஒரு பகுதியினர் நகர மையத்திற்கு வரவேண்டிய தேவை குறைந்தது. 2024 ஆகத்தில் வங்காளதேசத்தில் ஆட்சி வீழ்ந்ததைத் தொடர்ந்து, இந்தியா அந்நாட்டினருக்கு நுழைவிசைவு வழங்குவதைப் பெரிதும் சுருக்கிக்கொண்டது. அவசர மருத்துவத்திற்கான இசைவுகள்கூட மட்டுப்படுத்தப்பட்ட அளவிலேயே வழங்கப்பட்டன. அந்நாட்டு நோயாளிகளை நம்பியிருந்த விடுதிகளும் சோற்றுக் கடைகளும் மருந்துக் கடைகளும் வருவாய் இழந்தன.