பரீட்சை உங்களுக்கு இல்லை

வைன் பட்டியல் மேசைக்கு வந்ததும் ஒரு சின்ன மௌனம் விழும். தோல் அட்டை போட்ட அந்தப் புத்தகம் கை மாறிக் கை மாறி, கடைசியில் வயதிலோ சம்பளத்திலோ மூத்தவரிடம் போய்ச் சேரும். வேலை நிமித்தமாக ஐரோப்பா போன நாட்களில், டீம் டின்னர்களில் இதை நிறையத் தடவை பார்த்திருக்கிறேன். பகலெல்லாம் டிசைன் பற்றிச் சண்டை போட்டவர்கள், ராத்திரி ஒரு பிரெஞ்சுப் பெயரை வாய்விட்டுச் சொல்லத் தயங்குவார்கள். உச்சரிப்பு பிசகினால் நாம எங்கேயிருந்து வந்தோம்னு தெரிஞ்சிடுமோ என்கிற பயம். குடும்பத்தில் முதன்முதலாக விமானம் ஏறியவர்களுக்கு இந்தப் பயம் நன்றாகவே தெரியும்.

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் பாதிவரை பாரிசில் வெளியே சாப்பிடுவது என்றால் பெரும்பாலும் பொது மேசைதான். குறித்த நேரத்துக்குப் போகணும், போட்டதைச் சாப்பிடணும். 1760களிலிருந்து அங்கே முளைத்த ரெஸ்டாரண்டுகள்தான் தனி மேசையையும், பார்த்துத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியலையும் தந்தன. தேர்வு நம் கைக்கு வந்ததும், தப்பாகத் தேர்ந்தெடுத்துவிடுவோமோ என்ற கவலையும் கூடவே வந்துவிட்டது.

சரி, எது உயர்ந்த வைன் என்று யார் முடிவு செய்தார்கள்? போர்தோ வைன்களைப் பொறுத்தவரை, இன்றும் செல்வாக்கோடு இருப்பது 1855இல் எழுதிய ஒரு தரவரிசை. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பாரிசில் நடந்த உலகப் பொருட்காட்சிக்காக, போர்தோ வணிகச் சங்கம் உள்ளூர் வைன் தரகர்களிடம் அதைக் கேட்டது. ஏப்ரல் 5ஆம் தேதி கடிதம் போனது. 18ஆம் தேதி பதில் வந்தது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை. தரகர்கள் இதற்கென்று உட்கார்ந்து ருசி பார்க்கவில்லை. எந்தத் தோட்டத்து வைன் வருஷா வருஷம் என்ன விலைக்குப் போனது என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது. அதை வைத்துச் சிவப்பு வைன்களை ஐந்து படிகளாக அடுக்கினார்கள். உச்சியில் லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் என்று நான்கு தோட்டங்கள்.

அந்த உச்சிப் படியில் அதற்குப் பிறகு ஒரே ஒரு மாற்றம்தான். 1973இல் மூத்தோன் ரோத்ஷீல்ட் இரண்டாம் படியிலிருந்து ஏறியது. எங்கள் துறையில் இது பழகிப்போன கதை. ஒரு டெமோவுக்காக அவசரத்தில் எழுதின ஸ்கிரிப்ட், வருஷக்கணக்காக ப்ரொடக்‌ஷனில் ஓடிக்கொண்டிருக்கும். தொட யாருக்கும் தைரியம் வராது. அந்தத் தோட்டங்கள் மோசம் என்று சொல்ல வரவில்லை. நல்ல விலை கிடைத்ததற்கு மண்ணும் உழைப்பும் காரணமாக இருந்திருக்கும். ஆனால் விலை அதிகம் என்பதால் மேல் படி, மேல் படி என்பதால் விலை அதிகம் என்று அது தன்னைத்தானே சுற்ற ஆரம்பித்துவிட்டது.

அந்தச் சுற்றை ஒரு மதியம் ஆட்டிவைத்தது. 1976 மே 24, பாரிஸ். ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வைன் வியாபாரி, பிரெஞ்சு நிபுணர்கள் ஒன்பது பேரை உட்கார வைத்து, பெயரை மறைத்து ஊற்றிக் கொடுத்தார். வெள்ளையில் முதலிடம் கலிஃபோர்னியாவின் ஷாட்டோ மான்டலீனா. சிவப்பில் முதலிடம் அதே கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப். மூத்தோனும் ஓ-பிரியோனும் அதற்குப் பின்னால்தான் வந்தன. லேபிள் கண்ணில் படாதபோது, அந்த ஊர் நிபுணர்களாலேயே படிவரிசையைக் காப்பாற்ற முடியவில்லை.

இன்னொரு சடங்கு பாக்கி இருக்கிறது. பாட்டிலைத் திறந்து, ஒரு வாய் அளவு ஊற்றிவிட்டு, சர்வர் உங்கள் முகத்தைப் பார்த்து நிற்பார். பலர் அதை வைவா என்று நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே பரீட்சை எழுதுவது பாட்டில். கார்க்கில் உருவாகும் டிசிஏ என்ற வேதிப்பொருள் வைனைக் கெடுத்துவிடும். லிட்டருக்கு, ஒரு கிராமில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே போதும். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி வாசம் வரும். நீங்கள் செய்ய வேண்டியது, அந்த வாசம் வருகிறதா என்று முகர்ந்து பார்ப்பது மட்டும்தான். வந்தால் சொல்லுங்கள், பாட்டிலை மாற்றித் தருவார்கள். வரவில்லையென்றால் தலையாட்டினால் போதும். கருத்துரை எதுவும் தேவையில்லை.

ஆர்டர் செய்யவும் மூன்று விஷயம் போதும்: என்ன சாப்பிடப் போகிறீர்கள், எப்படிப்பட்ட ருசி பிடிக்கும், எவ்வளவு செலவழிப்பீர்கள். மூன்றாவதை வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால், பட்டியலில் ஒரு விலையைத் தொட்டுக் காட்டி, "இந்த அளவுல எது சரியா இருக்கும்?" என்று கேட்கலாம். கேட்பதில் சின்னத்தனம் எதுவுமில்லை. வைன் பரிமாறும் நிபுணரைக் குறிக்கும் சொம்மெலியே என்ற பிரெஞ்சுச் சொல்லே, பொதி சுமக்கும் மிருகங்களை ஓட்டியவரின் பெயரிலிருந்து வந்ததுதான். சுமப்பது அவர் தொழில். அந்தக் கனத்த புத்தகத்தையும் அவரே சுமக்கட்டும்.