லாரி மேல் ஒரு பீரங்கி

பீரங்கியை லாரியில் கட்டி இழுத்துப் போவது ஒரு முறை. லாரி மேலேயே பொருத்திவிடுவது இன்னொரு முறை. இரண்டாவதில் வசதி என்னன்னா, நின்று, சுட்டு, எதிரி திருப்பிச் சுடுவதற்குள் இடத்தைக் காலி செய்துவிடலாம். பிரான்ஸ் 2004-இல் இந்த மாதிரி 'சீசர்' பீரங்கி 72-க்கு ஆர்டர் கொடுத்தது. 2009-இல் அவை ஆப்கானிஸ்தானில் இருந்தன.

நம்ம கதை வேறு. 1986-இல் 1,437 கோடி ரூபாய்க்கு 410 போஃபர்ஸ் வாங்க ஒப்பந்தம். மறுவருஷமே ஸ்வீடன் வானொலி லஞ்ச விஷயத்தை உடைத்தது. 1989 தேர்தல் வரை அதே பேச்சு. பீரங்கி என்னவோ நல்ல பீரங்கிதான். 1999-இல் கார்கில் சிகரங்களை மீட்க அதுதான் பெரிய துணை.

ஆனால் வெளிநாட்டிலிருந்து அடுத்த புது ஹோவிட்சருக்குக் கையெழுத்தானது 2016-இல். முப்பது வருஷம்! நடுவில் டெண்டர், சோதனை, புகார், தடை, மறுபடி டெண்டர். 2012-இல் மட்டும் ஆறு கம்பெனிகளுக்குத் தடை.

வங்கிக்காரர்களுக்கு இது நன்றாகவே புரியும். கொடுக்காத கடன் வாராக்கடன் ஆகாது. கையெழுத்துப் போடாதவரை விஜிலென்ஸ் கூப்பிடாது. கஷ்டமெல்லாம் கடன் கிடைக்காமல் போனவருக்குத்தான். இங்கே அவர் எல்லையில் நிற்கும் சிப்பாய்.

2014 நவம்பரில் 814 லாரி பீரங்கிகளுக்கு 15,750 கோடியில் அனுமதி கிடைத்தது. 2024 முடிந்தபோதும் ஒன்றுகூட வந்து சேரவில்லை. 2025 மார்ச்சில் உள்நாட்டுத் தயாரிப்பாக 307 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம். பெரும்பங்கு நாங்கள் இருக்கும் புனேயின் கம்பெனி ஒன்றுக்கு. சந்தோஷம்தான். ஆனால் அவையும் லாரி இழுத்துப் போகிற வகையே.

லஞ்சத்தில் போன பணத்துக்குக் கணக்குக் கேட்டோம், சரி. முடிவெடுக்காமல் போன வருஷங்களுக்கு யாரிடம் கணக்குக் கேட்பது?