ஒதுங்கி நின்றவர்களின் உரிமை

நினைவுப் பொழிவில் கோல்ஃப் ஆட்டத்துக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பந்து வரும்போது வழிவிட்டு நின்றவர்களின் வழக்கொன்று அதில் இருக்கிறது. நாம் படிக்க வேண்டிய வழக்கு.

இங்கிலாந்தில் 'காமன்' எனப்படும் நிலம் நம் ஊர்ப் புறம்போக்கு போன்றதன்று. அதற்கு உடைமையாளர் உண்டு. அதில் ஆடுமாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் மற்றவர்களுக்கு உரிமையும் உண்டு. 1604 முதல் 1914 வரை அந்நாட்டு நாடாளுமன்றம் 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள் இயற்றி, பொதுவில் புழங்கிய வயலும் மேய்ச்சலுமாக 68 லட்சம் ஏக்கரை வேலிக்குள் அடைத்தது. யாரையும் திருடன் என்று சொல்லிவிட முடியாது. எல்லாம் சட்டப்படியே நடந்தது. இன்று இங்கிலாந்தின் பரப்பில் ஏறக்குறைய 3 விழுக்காடே பொதுநிலமாக எஞ்சியிருக்கிறது.

எஞ்சியதும் போராடிக் காத்ததுதான். லண்டனின் விம்பிள்டன் பொதுநிலத்தில் ஒரு பகுதியை விற்றுவிட்டு மீதியை வேலியிட 1864இல் நிலப்பிரபு ஸ்பென்சர் முயன்றார். சுற்றியிருந்தவர்கள் எதிர்த்தார்கள், 1871இல் நிலத்தைப் பொதுவாகவே வைத்துக் காக்கும் சட்டம் வந்தது. அங்கே கோல்ஃப் ஆடுபவர்கள் இன்றும் சிவப்பு மேலாடை அணிந்தாக வேண்டும், நடப்பவர்களுக்குத் தூரத்திலிருந்தே தெரிவதற்காக. அடையாளம் சுமக்க வேண்டியவர் அங்கே ஆடுபவர். நம் வரலாற்றில் யார் சுமந்தார்கள் என்பதை இந்த அவைக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் 2000ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் மலைகளிலும் பொட்டல்வெளிகளிலும் பதிவான பொதுநிலங்களிலும் எல்லோருக்கும் நடக்கும் உரிமை தந்தபோது, கோல்ஃப் மைதானமாகப் பயன்படும் நிலத்துக்கு விலக்கு அளித்துவிட்டது. பழைய நகர எல்லைகளுக்குள் இருந்த பொதுநிலங்களில் மட்டும், காற்று வாங்கவும் உலாவவும் 1925ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்திருந்த உரிமை அந்த விலக்கிலிருந்து தப்பியது.

இனி நான் சொன்ன வழக்கு. வடகிழக்கு இங்கிலாந்தின் கடற்கரை நகரம் ரெட்கார். அங்கே கோத்தம் காமன் என்று பெயர்பெற்ற, நகர மன்றத்துக்குச் சொந்தமான நிலம். 2002 வரை கோல்ஃப் கழகம் ஒன்று அதில் ஆடியது. அதே நிலத்தில் ஊர்க்காரர்கள் நாயோடு நடந்தார்கள், பிள்ளைகள் விளையாடினார்கள். மன்றம் அங்கே வீடு கட்ட நினைத்தபோது, அதைப் பொதுத்திடலாகப் பதிவு செய்யும்படி மக்கள் கேட்டார்கள். வம்படியாக நுழையாமல், ஒளிந்து வராமல், அனுமதி கேட்டு நிற்காமல் 20 ஆண்டு புழங்கியிருந்தால் அப்படிக் கேட்கலாம் என்பது சட்டம்.

விசாரணையில் ஒரு செய்தி வெளிப்பட்டது. கோல்ஃப் ஆடுபவர் பந்தடிக்க நின்றால், நடப்பவர்களில் பெரும்பாலோர் ஒதுங்கிக் காத்திருந்தார்கள். இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒதுங்கினீர்கள், ஆகவே உரிமையோடு புழங்கவில்லை என்றது உயர்நீதிமன்றம். மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. 2010 மார்ச் 3 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அதை மறுத்தார்கள். வழிவிடுவது மனிதர்களுக்குள் உள்ள இங்கிதம். அதற்காக அவர்கள் உரிமை கோரவில்லை என்று ஆகிவிடாது.

இதை நம் கதையோடு அப்படியே பொருத்த எனக்கு மனமில்லை. ரெட்காரில் ஒதுங்கியவர் அஞ்சியது ஒரு பந்துக்கு. நம் பாட்டன் பாட்டிமார் தெருவை விட்டு இறங்கியது அடிக்கு அஞ்சி. ஆனாலும் அந்தக் கீழ்த்தீர்ப்புகளின் தர்க்கம் நமக்குப் பழக்கமானது: 'அவர்களாகவே ஒதுங்கித்தானே போனார்கள்?'

மகாடில் இதையே வழக்கம் என்றார்கள். சவுதார் குளம் பொதுக்குளம் அன்று, தீண்டப்படாதோர் அதைத் தொடாதிருப்பதே நெடுங்கால வழக்கம் என்று சொல்லி அம்பேத்கர் மீதும் தோழர்கள் மீதும் சாதி இந்துக்கள் வழக்குத் தொடுத்தார்கள். குளம் நகராட்சியுடையது, வழக்கம் தொன்றுதொட்டது என்பதும் மெய்ப்பிக்கப்படவில்லை என்று பம்பாய் உயர்நீதிமன்றம் முடித்துவைத்தது 1937 மார்ச் 17 அன்று. அம்பேத்கர் அந்த நீரைக் கையால் அள்ளிப் பருகியது 1927 மார்ச் 20. பத்தாண்டு நிறைய மூன்று நாள் குறைவு.