சர்க்கரையை நிறுத்திப் பார்த்த வைத்தியம்

1925-இல் மைசூர் சமஸ்தானம் பெங்களூரில் இருந்த தன் 'பைத்தியக்கார ஆஸ்பத்திரி'யின் பெயரை மாற்றி, மனநல மருத்துவமனை ஆக்கியது. இன்றைய நிம்ஹான்ஸின் பூர்வீகம் அதுதான். 1930களின் பிற்பகுதியில் டாக்டர் எம்.வி. கோவிந்தசாமி அதன் பொறுப்பில் இருந்தபோது, ஐரோப்பாவைக் கலக்கிய புதுச் சிகிச்சைகள் இங்கும் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்று இன்சுலின் கோமா.

வியன்னாவின் மான்ஃப்ரெட் சாக்கெல் 1933-இல் அறிவித்த முறை அது. மனச்சிதைவு நோயாளிக்குக் காலையில் வெறும் வயிற்றில் இன்சுலின் ஊசி. நாளுக்கு நாள் அளவு கூடும். ரத்தச் சர்க்கரை இறங்க இறங்க வியர்த்துக் கொட்டும், கைகால் நடுங்கும், பேச்சு குழறும், பிறகு நினைவு தப்பும். செவிலியர் நாடியைப் பார்த்தபடி பக்கத்திலேயே இருக்க வேண்டும். குறித்த நேரம் ஆனதும் மூக்குக் குழாய் வழியே சர்க்கரைத் தண்ணீர். அவசரமென்றால் சிரையில் குளுக்கோஸ் ஊசி. பெரும்பாலோர் அகோரப் பசியோடு விழித்தார்கள். சிலருக்குச் சர்க்கரை ஏற்றியும் நினைவு திரும்பவில்லை, இறந்தவர்களும் உண்டு. இதே கூத்து வாரக்கணக்கில் நடக்கும்.

உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் உடல் செலவிடும் சக்தியில் சுமார் 20 சதவீதத்தைத் தின்றுவிடுகிறது. கையிருப்போ சொற்பம். சர்க்கரை குறைந்தால் முதலில் மயங்குவது மூளைதான் என்பது அன்றைய மருத்துவர்களுக்குத் தெரியும். உள்ளே வந்த குளுக்கோஸை எந்தச் செல் எடுத்துக்கொள்கிறது என்பதுதான் தெரியாது. தெரியாமலேயே நிறுத்திப் பார்த்த துணிச்சலை இன்று படித்தால் திக்கென்கிறது.

1953-இல் மனநல மருத்துவர் ஹெரால்டு போர்ன் லான்செட் மருத்துவ இதழில் இந்தச் சிகிச்சையைக் கட்டுக்கதை என்றே சாடினார். 1957-இல் அதே இதழில் வந்த ஒப்பீட்டு ஆய்வில், இன்சுலின் மயக்கத்துக்கும் தூக்க மருந்து மயக்கத்துக்கும் பலனில் வித்தியாசம் தெரியவில்லை. அதற்குள் மனநோய்க்கான குளோர்புரோமசின் மருந்தும் வந்துவிட, இன்சுலின் வார்டுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

குளுக்கோஸை எந்தச் செல் எடுத்துக்கொள்கிறது என்ற கேள்வி மட்டும் மிஞ்சி நின்றது. நரம்புச் செல்லுக்குத் துணைச் செல்கள் தீனி கொடுக்கின்றனவோ என்று இத்தாலியின் கமிலோ கோல்ஜி 19ஆம் நூற்றாண்டிலேயே ஊகித்திருந்தார். ஆஸ்ட்ரோசைட் எனும் துணைச் செல்லின் கால்கள் ரத்தத் தந்துகிகளைச் சுற்றிப் பிடித்திருப்பதே அதற்குக் காரணம். 1994-இல் ஆய்வாளர்கள் பெல்லரினும் மாஜிஸ்ட்ரெட்டியும் இன்னும் ஒரு படி போனார்கள்: ஆஸ்ட்ரோசைட் குளுக்கோஸைப் பாதி உடைத்து லாக்டேட்டாக நரம்புச் செல்லுக்குக் கைமாற்றுகிறது என்றார்கள். 2014-இல் ஐதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் அனந்த் படேலும் யேல் பல்கலைக்கழகத்தினரும் எலி மூளையின் நரம்பு முனைகளைப் பிரித்தெடுத்துச் சோதித்தார்கள். நரம்புச் செல் குளுக்கோஸை நேரடியாகவே எடுத்துக்கொள்கிறது என்பது தெரிந்தது. இரு தரப்பும் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. கையிருப்பு விஷயத்தில் மட்டும் பெரிய தகராறு இல்லை: மூளையின் கிளைக்கோஜன் எனும் சேமிப்புச் சர்க்கரை பெரும்பாலும் ஆஸ்ட்ரோசைட்டில்தான் இருக்கிறது. குளுக்கோஸுக்குத் தட்டுப்பாடு வந்தால் அது கரைந்து, லாக்டேட்டாகி, நரம்பு இழைகளைக் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கிறது.